சைக்கிள் பாதை பார்க்க நெதர்லாந்து போகிறீர்களா? பள்ளி விடுமுறையைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்

முதல் நாள் காலை ஏழே முக்கால் மணி. யூட்ரெக்ட்டில் ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டிய சந்திப்பில் நானும் என்னோடு வேலை பார்க்கும் பொறியாளரும் நிற்கிறோம். அக்டோபர் என்பதால் இன்னும் சரியாக விடியவில்லை. எட்டு மணிக்கு மேல் பிள்ளைகள் சாரிசாரியாக சைக்கிளில் வருவார்கள், எண்ணிக் குறித்துக்கொள்ளலாம் என்று கையில் கட்டம் போட்ட தாள் வேறு வைத்திருந்தோம். எட்டேகால் ஆயிற்று, எட்டரையும் ஆயிற்று. நாயோடு நடந்து போன ஒரு பெரியவரை நிறுத்திக் கேட்டதும்தான் தெரிந்தது, அந்த வாரம் பள்ளிகளுக்கு இலையுதிர்கால விடுமுறை.

அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எட்டு மாதம் அலைந்து வாங்கிய பயணம் அது.

அந்த வாரத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணமே விசாதான். முதலில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நான்கு இரவு, நெதர்லாந்தில் நான்கு இரவு என்று திட்டம் போட்டிருந்தோம். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் எந்த நாட்டில் நுழைகிறோமோ அங்கே. எங்கள் விமானம் இறங்குவதோ கோபன்ஹேகனில், விண்ணப்பமோ நெதர்லாந்துக்கு. கவுண்டரில் இருந்தவர் பயணத்திட்டத்தை ஒரு நிமிடம் பார்த்தார், கோப்பை அப்படியே எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். என்ன தப்பு என்று இரண்டு முறை கேட்டும் "விதிகளைப் படியுங்கள்" என்பதுதான் பதில். ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அடுத்த முறை நேரம் கிடைக்க மூன்று வாரம் ஆனது. கடைசியில் கோபன்ஹேகனையே கைவிட்டோம். துறைமுகத் தண்ணீருக்கு மேலே வளைந்து போகும் அந்த சைக்கிள் பாலத்தைப் பார்க்காமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

அழைப்புக் கடிதத்திலும் ஒருமுறை மாட்டினோம். அங்கிருந்த நண்பர்கள் அன்பாக "வாருங்கள், எல்லாம் காட்டுகிறோம்" என்று எழுதியிருந்தார்கள், அது போதவில்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலையாக, செலவு யாருடையது, வருபவரின் பாஸ்போர்ட் எண் என்ன, இவ்வளவும் கடிதத்திலேயே இருக்கட்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். முடிவு வர வழக்கமாக 15 நாள் என்பார்கள், 45 நாள் வரைகூட இழுக்கலாம். அதனால் ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்ற வசதியை விட்டுவிடாதீர்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். முதல் நாள் பகல் முழுவதும் திட்ட அதிகாரிகளின் அலுவலக அறையில், திரையில் படங்கள். ரயில் நிலையத்துக்குக் கீழே 12,500 சைக்கிள் நிறுத்தும் இடத்தையும் சாயங்காலம் சுற்றிப் பார்த்தோம், பிரமிப்புதான். ஆனால் இதெல்லாம் வீட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்ளக் கூடியவை.

போன காரியம் பலித்தது இரண்டாம் நாள், சிக்னல் பிரிவில் வேலை செய்யும் ஒருவர் எங்களைத் தெருவுக்குக் கூட்டிப்போன பிறகு. சிவப்பு தார்ப் பாதையில் கறுப்பாக, விரல் அகலம்கூட இல்லாத கோடுகள் சதுரமாகத் தெரிந்தன. படங்களில் பார்த்தபோதெல்லாம் விரிசலுக்குப் பூசிய தார் என்றே நினைத்திருந்தேன். அவை உள்ளே கம்பிச்சுருள் புதைத்த உணரிகள். நிற்கும் கோட்டுக்கு நன்றாக முன்னாலேயே ஒன்று இருப்பதால், சைக்கிள் வருவது சிக்னலுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. குறுக்கே வண்டி இல்லையென்றால், வருபவர் கால் ஊன்றுவதற்குள் பச்சை விழுந்துவிடும். அப்புறம் ஒரு கிளைச்சாலை வாயிலில் மண்டியிட்டு டேப்பை வைத்தேன். சைக்கிள் பாதையும் நடைபாதையும் அங்கே ஒரு இம்மிகூட இறங்கவில்லை. கார்தான் சாய்வான கான்கிரீட் கட்டையில் ஏறி, அவற்றைத் தாண்டி, மறுபடி இறங்க வேண்டும். வேகத்தடை, பலகை எதுவும் இல்லாமலே ஓட்டுநர்கள் நின்று நின்று போனார்கள். திட்ட அதிகாரிகளைப் பார்க்க ஒரு நாள் போதும். மிச்ச நாட்களைச் சிக்னல்காரரோடும் பராமரிப்புக்காரரோடும் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகளைப் பார்க்கவில்லையே என்ற குறையை அந்தச் சிக்னல்காரரிடம் சொன்னபோது அவர்தான் வழி காட்டினார். நாட்டை வடக்கு, நடு, தெற்கு என மூன்றாகப் பிரித்து விடுமுறை விடுகிறார்கள், அந்த ஆண்டு வடக்கே பள்ளி நடந்துகொண்டிருந்தது. மறுநாள் இருட்டோடு ரயிலேறி, இரண்டு மணி நேரத்தில் வடக்கே உள்ள குரோனிங்கன் நகரம்.

அங்கே சில சந்திப்புகளில் கார்களுக்கு எல்லாப் பக்கமும் சிவப்பு போட்டுவிட்டு, சைக்கிள்களுக்கு நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை விடுகிறார்கள். குறுக்காகக்கூடப் போகலாம். எங்கள் ஊர்க் கூட்டத்தில் இதைச் சொன்னபோது "முட்டிக்கொண்டு விழுவார்கள்" என்று ஒரு போக்குவரத்து அதிகாரி ஒரே வரியில் தள்ளிவிட்டார். அதனால் நடைபாதையில் முக்காலியை வைத்து, பிள்ளைகள் முகம் தெரியாதபடி பின்பக்கமாக, நாற்பது நிமிடம் வெட்டாமல் படம் எடுத்தேன். புத்தகப் பையோடு வந்த ஒரு பெண், எதிரே வந்தவரைப் பார்த்து அரை மிதி குறைத்தாள், அவர் லேசாக ஒதுங்கினார், அவ்வளவுதான், இருவரும் நிற்காமல் போய்விட்டார்கள். நாற்பது நிமிடமும் இப்படியேதான்.

வாடகை சைக்கிள் எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பல வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக், ஆளில்லாத தெருவில் பழகிவிட்டுப் போங்கள். தரையில் வெள்ளை முக்கோணங்களின் முனை உங்களைப் பார்த்து இருந்தால், வழிவிட வேண்டியவர் நீங்கள்.

திரும்பி வந்து அந்தப் படத்தைக் கூட்டத்தில் போட்டேன். அதே அதிகாரி நடுவில் நிறுத்தச் சொல்லி, முதலிலிருந்து மறுபடி ஓட்டச் சொன்னார். சோதித்துப் பார்க்க ஒரு சந்திப்பை ஒதுக்கியிருக்கிறார்கள். அடுத்த மாதம் அளவெடுக்கப் போகிறோம், பள்ளி நடக்கும் வாரத்தில்.