வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில்

எங்கள் மகளுக்கு ஆறு வயது நடக்கும்போது நானும் அவள் அப்பாவும் பிரிந்தோம். நான் பெரம்பூரில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன், அவர் வேளச்சேரியில். பிள்ளை யாரிடம் இருப்பது என்று குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு. இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வழக்கு முடியும் வரை சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குழந்தைகள் மையத்தில் அவர் மகளைப் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது. முதல் சனிக்கிழமை வண்ணம் தீட்டும் புத்தகம் வாங்கி வந்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றவே இல்லை. ஒரு மீனுக்குப் பாதி வண்ணம் அடித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். அவர் மீதிப் பாதியைத் தானே தீட்டி முடித்தார். அதைப் பார்த்த பிறகுதான், வழக்கில் ஜெயிப்பதைப் பற்றி யோசிப்பதை நான் நிறுத்தினேன்.

முதலில் அமைந்த வக்கீல், “எதையும் விட்டுக்கொடுக்காதீங்கம்மா” என்பதோடு சரி. கையில் பணமும் கரைந்துவிட்டது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்று ஒரு தோழி சொல்லித்தான் தெரியும். சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வந்த வக்கீலம்மா முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: ஐந்து வயது வரை பிள்ளை பொதுவாகத் தாயிடம் என்பது சட்டத்தில் இருக்கிறது, உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள், எந்த வயதானாலும் நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான்.

அப்புறம் நீதிபதி எங்களை சமரச மையத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றத்தில் 2005லிருந்து அது இயங்குகிறது. அங்கே பேசுவதை வழக்கில் சாட்சியமாகக் காட்ட முடியாது என்றதும் இருவருக்குமே நாக்கு கொஞ்சம் இளகியது. தனித்தனியாகவும் உட்கார வைத்துப் பேசினார்கள். மகளுக்கு வீசிங் உண்டு. நெபுலைசர் வைக்கத் தெரியாத வீட்டில் இரவு தங்கவிட எனக்குப் பயம். அவருக்கோ, பள்ளியில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை என்ற வேதனை. அவர் டாக்டரிடம் வந்து பழகிக்கொண்டார், நான் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அவரைச் சேர்க்கச் சொன்னேன்.

“மாதம் இரண்டு வார இறுதி அப்பாவுடன்” என்று நாங்கள் எழுதிய ஒரு வரியை வக்கீலம்மா ஏற்கவில்லை. எத்தனை மணிக்கு, யார் அழைத்துப் போவது, காய்ச்சல் என்றால், மழைக்கு லீவு விட்டால் என்று கேட்டுக்கொண்டே போனார். இரண்டாவது, நான்காவது வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அவர் வாசலிலேயே அழைத்துப் போவார், திங்கட்கிழமை காலை பள்ளியில் விடுவார் என்று முடிவானது. நாங்கள் இருவரும் நேருக்கு நேர் நின்று முகம் சுளிக்கும் இடமே இல்லாமல் போனது. மழை லீவு என்றால் மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு வாசல். உடம்பு சரியில்லாமல் தவறினால் அடுத்த வாரம் ஈடு. இரவு ஏழரைக்கு வீடியோ கால், பக்கத்தில் மற்றவர் நிற்கக்கூடாது. தீபாவளி ஒற்றைப்படை ஆண்டில் அவரிடம், அந்த ஆண்டு பொங்கல் என்னிடம். அடுத்த ஆண்டு மாறும். பள்ளிக் கட்டணத்தை அவர் நேரே பள்ளியில் கட்டுவார். பாஸ்போர்ட் படிவத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பதுகூட அதில் உண்டு.

பரஸ்பர சம்மத விவாகரத்து மனு போட்ட பிறகு ஆறு மாதக் காத்திருப்பு வரும். தகுந்த காரணம் இருந்தால் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீலம்மா வேண்டாம் என்றார். “அந்த ஆறு மாசம் இதை ஓட்டிப் பாருங்க. எங்க இடிக்குதோ அதை மாத்திட்டு அப்புறம் கையெழுத்துப் போடலாம்.”

எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல ஆலோசனை அதுதான். நிறையவே இடித்தது. ஞாயிறு இரவு வேளச்சேரியில் தூங்கி, திங்கள் காலை அவ்வளவு தூரம் வந்து பள்ளி சேருவதற்குள் பிள்ளை வாடிவிட்டாள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கே கொண்டுவந்து விடுவது என்று மாற்றினோம். அந்த இரவுக்குப் பதிலாக மே விடுமுறையில் அவருக்கு ஒரு வாரம் கூடியது. வீட்டுப்பாட நோட்டு அங்கேயே தங்கிவிடுவதால் இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு செட் புத்தகம். இதெல்லாம் சேர்ந்துதான் தீர்ப்பாணையில் ஏறியது. வெறும் பத்திரத்தில் கையெழுத்தோடு நிறுத்தியிருந்தால், நாளைக்கு ஒருவர் மீறும்போது அமல்படுத்தச் சொல்லிக் கேட்பது கஷ்டம்.

ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறக்குமுன் உட்கார்ந்து பேசி, தேவையான மாற்றங்களைச் செய்வது என்றும் ஒரு வரி இருக்கிறது. மகள் இப்போது நாலாம் வகுப்புக்குப் போகிறாள். சனிக்கிழமை காலை நீச்சல் வேண்டுமாம், அதுவும் வேளச்சேரிப் பக்கம். அடுத்த வாரம் பேசப்போகிறோம்.