நெல் மண்டிக்கு ஒரு மென்பொருள்: நாட்குறிப்பு

செப்டம்பர் 18
அம்பாசமுத்திரத்தில் கார் நெல் வரத் தொடங்கிவிட்டது. மண்டி அண்ணாச்சிக்கு மென்பொருள் அவசரம். விவசாயி, ரகம், வரத்து (ஒரு தடவை வந்து இறங்கும் நெல்), மூட்டை, பட்டுவாடா என்று டேட்டாபேஸில் டேபிள்கள் (தகவல் அட்டவணைகள்) தயார். கூட வேலை பார்க்கும் தம்பி டேபிளுக்கு ஒரு கிளாஸ் (தகவலும் அதற்கான கணக்கும் சேர்ந்த நிரல் பகுதி) போட்டுவிட்டான். உள்ளே மதிப்பை எடுக்கும் கெட்டர், மாற்றும் செட்டர் தவிர ஒன்றுமில்லை.

செப்டம்பர் 19
காலை முழுக்க மண்டியில் இருந்தேன். கணக்குப்பிள்ளை மூட்டையை நிறுத்து, சாக்கு எடையைக் கழித்து, கருவியில் ஈரப்பதம் பார்க்கிறார். அரசு கொள்முதலில் வரம்பு 17 சதவீதம். அண்ணாச்சிக்கு அதற்குமேல் தனிக் கழிவுக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தம்பியின் நிரலில் பில்லில் ஒரு தடவை, அறிக்கையில் ஒரு தடவை வருகிறது. ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் விவசாயி கையில் இருக்கும் சீட்டும் நம் அறிக்கையும் ஒத்துப்போகாது. அது வரத்து கிளாஸுக்குள் இருக்க வேண்டியது. நிகர எடையைக் கேட்டால் வரத்தே சொல்லட்டும்.

மூட்டைக்குத் தனி டேபிள் சரிதான். ஆனால் "ஒத்த மூட்டைய மட்டும் யாரு வந்து கேப்பா?" என்றார் அண்ணாச்சி. நியாயம். நிரலில் மூட்டையைத் தனியாக எடுக்க வேண்டாம், வரத்தோடு சேர்த்தே திறப்போம், சேமிப்போம். எடை நேர்மாறு: டேபிளில் வெறும் எண், நிரலிலோ தனி கிளாஸ். கிலோவும் குவிண்டாலும் கலந்துவிடக் கூடாதே. ரூபாய்க்கும் அப்படியே, பைசா தோராயமாகிவிடும் ஃப்ளோட் எண் வேண்டாம், துல்லியமான டெசிமல் போதும்.

செப்டம்பர் 22
அம்பை 16-க்குத் தனி சப்கிளாஸ் (ரகம் கிளாஸிலிருந்து பிரியும் கிளை) போடலாமா என்று தம்பி கேட்டான். இந்த ஊர் ஆராய்ச்சி நிலையத்து ரகம் என்ற பாசம் போலிருக்கிறது! குண்டு அரிசியானாலும் சன்ன அரிசியானாலும் கணக்கு ஒன்றுதான். புது ரகம் வந்தால் டேபிளில் ஒரு வரி சேர்த்தால் போதும். விலையை மட்டும் ரகத்திலிருந்து எடுத்து, வாங்கிய நேரத்திலேயே வரத்தில் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் நாளை விலை ஏறும்போது பழைய பில்லும் மாறிவிடும்.

செப்டம்பர் 24
வரத்துப் பட்டியல் ஆமை வேகம். நிரல் செய்ததைப் பதியும் லாக்கைத் திறந்தால், 200 வரத்துக்கு 201 குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி)! பட்டியலுக்கு ஒன்று, பிறகு ஒவ்வொரு வரத்துக்கும் விவசாயி பெயர் கேட்டு ஒன்று. இரண்டு டேபிளையும் இணைக்கும் ஜாயின் போட்டு ஒரே குவெரியாக்கினோம். மாத அறிக்கைக்கு ஆப்ஜெக்டே (கிளாஸிலிருந்து உருவாகும் பொருள்) வேண்டாம், நேரே டேட்டாபேஸ் மொழியான எஸ்.கியூ.எல். கூட்டிப் பார்ப்பது டேட்டாபேஸுக்குக் கைவந்த வேலை.

"அப்போ கிளாஸ் எதுக்குண்ணே?"

"நெல் இறங்குற நேரத்துக்குடா. கழிவு, விலை, சீட்டு எல்லாம் அங்கதான்."

முன்பணம் இன்னும் பாக்கி. அதை விவசாயியிடம் வைப்பதா, பட்டுவாடாவிலா? ஒரே ஆள் மகன் பெயரிலும் நெல் போடுகிறாராம். அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.