மூக்கோடு காதும் அடைத்தால்: சைனஸ் அறுவைக்கு முன்னும் பின்னும்

சைனஸ் தொல்லைக்காக வருகிறவர்கள் மூக்கைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, எழுந்து போகும்போதுதான் "காதும் அடைச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். மூக்கு சரியானால் காதும் திறந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. மருந்து எழுதுபவரும் பல நேரம் அப்படியே நினைத்துவிடுகிறார். பெரும்பாலானவர்களுக்கு அது பலிக்கவும் செய்கிறது. பலிக்காத சிலருக்கு, காத்திருந்த நாட்களிலேயே கேட்கும் திறன் திரும்பாமல் போய்விடுகிறது. செவித்திறன் பரிசோதனை அறையில் இருப்பவர்கள் என்ற முறையில், அறுவைக்குத் தேதி குறித்தவர்களின் காதை நாங்கள் எந்த வரிசையில் பார்க்கிறோம், எந்த இடத்தில் தவறு நேர்கிறது என்பதை எழுதுகிறோம்.

மூக்கின் பின்பகுதி தொண்டையோடு சேரும் இடத்தில், இரு பக்கச் சுவரிலும் யூஸ்டேஷியன் குழாயின் வாய் இருக்கிறது. பெரியவர்களுக்கு அந்தக் குழாய் ஏறத்தாழ 3.5 செ.மீ. நீளம். சளி வடிந்து அந்த வாய் வீங்கினால் நடுக்காதுக்குக் காற்று போகாது. செவிப்பறை உள்ளே இழுக்கப்படும். நாள்பட்டால் நீர் கோத்துக்கொள்ளும். இது ஒலி போகும் பாதையில் வரும் தடை. உள்காதில் இருக்கும் நத்தைச்சுருளோ அதிலிருந்து புறப்படும் நரம்போ பாதிக்கப்பட்டாலும் நோயாளிக்குத் தெரிவது அதே அடைப்புதான். காது அடைத்திருக்கிறது என்ற உணர்வை மட்டும் வைத்து இரண்டையும் யாராலும் பிரிக்க முடியாது.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. ஒரு காது மட்டும் அடைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனக வேண்டும். அடைத்த காதில் அந்த ஒலி பலமாகக் கேட்டால் தடை வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதுப் பக்கம் போனால் உள்காதைச் சந்தேகிக்க வேண்டும். அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதையே மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்கிறார். இதற்குப் பெயர் வெபர் சோதனை. கவையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒருமுறையும் காதுக்கு நேரே ஒருமுறையும் வைத்து எது பலமாகக் கேட்கிறது என்று கேட்பது ரின் சோதனை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் மூக்குச் சொட்டு மருந்து மட்டும் கொடுத்து அனுப்புவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

அதற்கு முன் காதுக்குள் பார்த்தாக வேண்டும். குரும்பி அடைத்திருந்தால் எடுத்துவிட்டுத்தான் மற்றவை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குச் செவிப்பறையே தெளிவாகத் தெரிவதில்லை. அதைத் துடைத்தெடுத்துப் பார்க்கவே நேரம் போகிறது. காதில் எண்ணெய் எதுவும் விடாமல் வாருங்கள்.

அடுத்தது ஆடியோகிராம், அதாவது ஒவ்வொரு அலைவரிசையிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று காட்டும் வரைபடம். இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. காற்று வழி (ஹெட்ஃபோனில்), எலும்பு வழி (காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்த அதிர்வியில்) என இரண்டு அளவுகளும் அதில் இருக்க வேண்டும். காற்று வழி மட்டும் எடுத்த அறிக்கை இந்தக் கேள்விக்குப் பயன்படாது. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இவை காற்று வழி. எலும்பு வழிக்கு அம்புமுனை அல்லது சதுர அடைப்புக் குறி. எலும்பு வழி இயல்பாக இருந்து காற்று வழி மட்டும் இறங்கியிருந்தால் தடை நடுக்காதில். இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் உள்காது.

ஆனால் எலும்பு வழி அனுப்பும் ஒலி மண்டையோடு முழுவதும் பரவக்கூடியது. வலது காதுக்குப் பின்னால் வைத்த அதிர்வியின் ஒலி, ஏறக்குறைய அதே அளவில் இடது உள்காதுக்கும் போய்ச்சேரும். வலது உள்காது முழுவதும் செயலிழந்திருந்தாலும் நோயாளி பொத்தானை அமுக்குவார். கேட்டது இடது காது. காற்று வழியிலும் சாதாரண ஹெட்ஃபோனில் 40 டெசிபலைத் தாண்டினால் ஒலி மறுபக்கம் கடக்கத் தொடங்கும். முடிவில், கேட்கவே கேட்காத காதுக்கு "எலும்பு வழி இயல்பு, காற்று வழி 50, 60 டெசிபல்" என்று அறிக்கை வரும். பார்ப்பவர் நடுக்காதில் நீர் என்று எழுதிவிடுவார். இதைத் தவிர்க்க நல்ல காதில் மறைப்பொலி, அதாவது சோதனை ஒலி அந்தக் காதில் கேட்காதபடி மறைக்கும் இரைச்சல், கொடுத்துக்கொண்டே அளக்க வேண்டும். அறிக்கையில் மறைப்பொலி கொடுத்த குறிகள் இல்லையென்றால், கொடுத்தீர்களா என்று கேளுங்கள். சந்தேகம் வர வேறு தடயங்களும் உண்டு. நடுக்காது நீரால் மட்டும் வரும் குறைவு பெரும்பாலும் 20 முதல் 40 டெசிபலுக்குள் நிற்கும். 60 என்றால் பொருந்தாது. ரின் சோதனையும் இதே காரணத்தால் ஏமாற்றும். செயலிழந்த காதில் எலும்பு வழிதான் பலம் என்று நோயாளி சொல்வார், நடுக்காதுத் தடை போலவே தோன்றும். ஆனால் வெபர் நல்ல பக்கம் போகும். அந்த முரணைக் கண்டால் மறுபடி அளக்க வேண்டும்.

அடுத்து டிம்பனோகிராம், காதுக்குள் காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை எப்படி அசைகிறது என்று வரையும் சோதனை. உச்சி சுழியத்தை ஒட்டியிருந்தால் ஏ வகை, இயல்பு. உச்சி −100 டெக்காபாஸ்கலுக்கும் கீழே நகர்ந்திருந்தால் சி வகை, குழாய் சரியாகத் திறக்கவில்லை. உச்சியே இல்லாமல் தட்டையாக வந்தால் பி வகை, நீர் இருக்கலாம். தட்டையாக வந்த உடனே நீர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கூடவே காட்டும் கால்வாய்க் கொள்ளளவு மிகச் சிறிதாக இருந்தால் குரும்பியோ சுவரில் முட்டிய முனையோ காரணம். மிகப் பெரிதாக இருந்தால் செவிப்பறையில் ஓட்டை. இன்னொன்று, ஜலதோஷம் பிடித்தவருக்கு சி வகையும் இருக்கலாம், உள்காதுச் செவிடும் அதே வாரத்தில் வந்திருக்கலாம். ஒன்றைக் கண்டுபிடித்ததும் மற்றதைத் தேடாமல் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ, 72 மணி நேரத்துக்குள் உள்காதுக் கேட்புக் குறைந்தால் அது திடீர்ச் செவித்திறன் இழப்பு. அந்த நிமிடத்திலிருந்து சைனஸ் அறுவை இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. ஸ்டீராய்டு தொடங்குவதென்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும், முந்துவது நல்லது. வழக்கமான அளவு ப்ரெட்னிசோலோன், உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி., நாளொன்றுக்கு அதிகபட்சம் 60 மி.கி. ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். இதைவிடப் பல மடங்கு கொடுத்தால் கூடுதலாகத் திரும்புமா என்று ஜெர்மனியில் 325 பேரிடம் ஆராய்ந்தார்கள். 2024-இல் வெளியான அந்த ஹோடோகார்ட் ஆய்வில், அதிக அளவு கொடுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, பக்கவிளைவுகள்தாம் கூடின. இரத்தநாளத்தை விரிக்கும் மாத்திரைகளையும் வைரஸ் எதிர்ப்பு மருந்தையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. வைட்டமின் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து ஒரு மாதம் கழித்து வரச் சொல்வது, சிகிச்சைக்கான காலத்தை வீணடிப்பதுதான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இங்கே கூடுதல் கவனம் தேவை. முக வலி, கண் வீக்கம், கன்ன மரப்பு, மூக்குக்குள் கறுத்த பொருக்கு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், மூக்கு எண்டோஸ்கோப்பி பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது. 2021-இல் கோவிட் இரண்டாம் அலையை ஒட்டி, சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் மியூகார் என்னும் கருப்புப் பூஞ்சை இந்தியா முழுவதும் எப்படிப் பரவியது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஆபத்து இல்லை என்று உறுதியானால், மாத்திரைக்குப் பதிலாகச் செவிப்பறை வழியே நடுக்காதுக்குள் ஊசி போடலாம். அமெரிக்காவில் 250 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், அந்த ஊசி மாத்திரைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. மாத்திரையால் பலன் கிடைக்காதவர்களுக்கும், இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் இதையே அடுத்த வழியாகத் தருகிறார்கள்.

ஊசி என்றதும் பயப்படுகிறார்கள். செவிப்பறையை மரக்கவைத்துவிட்டு, மெல்லிய ஊசியால் 0.4 முதல் 0.8 மி.லி. வரை மருந்தைச் செலுத்துவார்கள். மருந்து உடல் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். குளிர்ச்சியாகப் போனால் தலை சுற்றும். போட்டபின் அந்தக் காது மேலே இருக்குமாறு 15 முதல் 30 நிமிடம் படுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் எச்சில் விழுங்கினாலோ பேசினாலோ யூஸ்டேஷியன் குழாய் திறந்து மருந்து தொண்டைக்கு வடிந்துவிடும். உள்காதுக்குப் போக ஒன்றும் மிஞ்சாது. பக்கத்தில் ஒரு துணியோ கிண்ணமோ வைத்து எச்சிலைத் துப்பிக்கொள்ளச் சொல்கிறோம். நடுக்காதில் ஏற்கெனவே நீர் இருந்தால் ஊசி அவ்வளவாக வேலை செய்யாது. இதோடு, செவி நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். தலை சி.டி. இந்த வேலைக்கு உதவாது. சைனஸுக்கு எடுத்த சி.டி.யைக் காட்டி "எல்லாம் பார்த்தாச்சு" என்று சொல்லவும் முடியாது.

மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கு அறுவைக்கு முன் சில நாள் ப்ரெட்னிசோலோன் கொடுப்பதுண்டு. அதைச் சாப்பிடும்போது காதும் தெளிகிறது. குழாய் திறந்ததால் தெளிந்ததா, உள்காது மீண்டதால் தெளிந்ததா என்பது முதல் மாத்திரைக்கு முன் எடுத்த ஆடியோகிராம் இருந்தால்தான் தெரியும். மருந்து நின்றதும் கேட்பு மறுபடி இறங்கினால், ஒப்பிட அந்தத் தாள் வேண்டும். எனவே மாத்திரைக்கு முந்திய நாளே எடுத்துவிடுங்கள்.

சதையோடு ஆஸ்துமாவும் உள்ளவர்கள் தனி ரகம். சிலருக்கு நடுக்காதிலும் ஈசினோஃபில் என்னும் ஒருவகை வெள்ளையணுக்கள் நிறைந்த, கோந்துபோல் ஒட்டும் நீர் சேர்கிறது. ஜப்பானியர்கள் விரிவாக ஆராய்ந்த நோய் இது. அதைக் கண்டறியும் அளவுகோல்களையும் 2011-இல் வெளியிட்டார்கள். இதில் வெறும் தடையோடு நிற்பதில்லை, உயர் அலைவரிசைகளில் எலும்பு வழிக் கேட்பும் மெல்ல இறங்குகிறது. மூக்கு அறுவை நன்றாக நடந்தாலும் காது தனியாக மோசமாகலாம் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை எலும்பு வழியை அளந்துகொண்டே இருக்க வேண்டும். மூக்கில் ஓயாத பொருக்கும் இரத்தமும், இரு காதிலும் குறைவு, சிறுநீரில் இரத்தம் அல்லது புரதம் ஆகியவை சேர்ந்து வந்தால் ஆன்கா இரத்தப் பரிசோதனை எழுதச் சொல்லிக் கேட்கலாம். அது வெறும் சைனஸ் நோயாக இல்லாமல், அந்தப் பரிசோதனை தேடும் இரத்தநாள அழற்சியாக இருக்கலாம்.

காதில் ஆபத்து இல்லை என்று தெரிந்தபின் அறுவைக்குப் போகலாம். மூக்கு வழியாகவே 4 மி.மீ. எண்டோஸ்கோப்பை விட்டு, அடைந்த வழிகளைத் திறக்கும் இன்றைய முறை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து மெஸ்ஸர்கிளிங்கரின் ஆராய்ச்சியில் வேர்விட்டது. 1985-இல் அமெரிக்காவின் கென்னடி அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். சி.டி.யில் நோயின் பரவலை 24 மதிப்பெண்ணுக்கு அளப்பார்கள். அதைவிட முக்கியம், மூளைக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள எலும்புத் தட்டு எவ்வளவு பள்ளமாக இருக்கிறது என்பது. பள்ளம் 8 மி.மீ.க்கு மேல் போனால் ஆபத்து கூடுதல். தொல்லையை அளக்கத் தரும் 22 கேள்விப் படிவத்தில் காது அடைப்பு, காது வலி, தலைசுற்றல் மூன்றும் உண்டு. காது கேட்கிறதா என்ற கேள்வி இல்லை. அந்தப் படிவத்தை மட்டும் நம்பினால் செவிடு நழுவிப்போகும்.

அறுவைக்குப் பிறகு முதல் வாரம் காது அடைத்தே இருக்கும். வீக்கமும் உறைந்த இரத்தமும் குழாய் வாயை மூடியிருப்பதால் அது எதிர்பார்த்ததே. அதற்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றைக் காதுக்குள் தள்ளாதீர்கள், மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். எலும்புத் தட்டிலோ கண் பக்கச் சுவரிலோ சிறு விரிசல் இருந்தால் அந்த அழுத்தம் காற்றை அங்கே தள்ளிவிடும். குனியும்போது ஒரு மூக்கிலிருந்து தண்ணீராகச் சொட்டினாலோ, கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, காது திடீரென்று இன்னும் குறைந்தாலோ இரவானாலும் போக வேண்டும். வளைந்த மூக்குத்தண்டையும் சேர்த்து, உளியும் சுத்தியலும் கொண்டு சரிசெய்திருந்தால், சிலருக்குப் புரண்டு படுக்கும்போது சில நொடிகள் உலகம் சுழலும். உள்காதுத் துகள் இடம் மாறியதால் வருவது அது. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் எப்ளி முறையால் சரியாகும், மாத்திரை தேவைப்படாது.

உப்புநீர்க் கழுவலை மருத்துவர் சொன்ன நாளில் தொடங்க வேண்டும். 240 மி.லி. தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு சுமார் 2 கிராம், சமையல் சோடா ஒரு சிட்டிகை. குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்த தண்ணீரை மட்டுமே எடுக்க வேண்டும். குழாய்த் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் இருக்கக்கூடிய நெக்லேரியா அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். கேரளத்தில் 2024-இல் அதனால் உயிரிழப்புகள் நேர்ந்தன. குனிந்து, தலையைச் சாய்த்து, மெல்ல அழுத்துங்கள். வேகமாக அழுத்தினால் தண்ணீர் காதுக்கு ஏறி வலிக்கும். கழுவும் நீரில் ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலக்கச் சொன்னால், ஏற்கெனவே உள்காது பாதிப்பு உள்ளவர்கள் அதை உடனே சொல்லிவிட வேண்டும். அது சவ்வு வழியே இரத்தத்தில் சேரக்கூடியது, உள்காதுக்கு நஞ்சு. கழுவலுக்கு வேறு மருந்துகள் உண்டு.

சிகிச்சை முடிந்ததும் ஒரு ஆடியோகிராம், ஆறு மாதத்தில் இன்னொன்று. முதல் தாளோடு மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து ஒவ்வொரு முறையும் கொண்டுவாருங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் குறைவு நீடித்தால் காது கருவிக்கு அளவெடுக்கலாம். ஒரு காது முழுக்கப் போயிருந்தால், அந்தப் பக்க ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும் கருவியோ, நத்தைச்சுருளுக்குள் மின்முனை வைக்கும் காக்ளியர் பொருத்தலோ பற்றிப் பேசலாம். அதை ஆறு மாதத்துக்கு மேலும் தள்ளிப்போட எந்த மருத்துவக் காரணமும் இல்லை.