பார் வீதியில் எந்தப் 'பார்'?

மட்டக்களப்புப் பார் வீதியின் பெயரில் இருப்பது மதுச்சாலை அல்ல, முகத்துவாரத்து மணல்திட்டு.

ஆங்கிலத்தில் 'பார்' என்றால் முதலில் மரச்சட்டம், கம்பி, கதவுக்குக் குறுக்கே போடும் கட்டை. மறிப்பது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. அலை மணலை ஒதுக்கி வாவியின் வாயை அடைத்தால் அதுவும் பார். மாரியில் அதை வெட்டிவிடப் பிந்தினால் வயல் மூழ்கும். அவசரப்பட்டால் உவர்நீர் உள்ளே ஏறும்.

நீதிமன்றத்து மரத்தடுப்பால் சட்டத்தரணிகள் கூட்டாகப் 'பார்' ஆனார்கள். மதுச்சாலைக்குப் பெயர் தந்தது, குடிப்பவருக்கும் போத்தலுக்கும் நடுவே நின்ற பலகை. சவுக்காரப் பார் மட்டும் யாரையும் மறிக்காது. நீளக்கட்டி வடிவந்தான் காரணம்.

மன்னார் முத்துப்பாரை இதோடு குழப்பாதீர்கள். அது நம் மீனவரின் தமிழ்ச்சொல்: கடலடிப் பாறைத்தளம்.