வணிகவியலிலிருந்து வடிவமைப்புக்கு: பட்டம் சொல்லாத தகுதி

வணிகவியல் படித்துவிட்டு, வேறொரு நாட்டுக்குக் குடிபெயர்ந்து, இன்று மென்பொருள் துறையில் பயனர் அனுபவ வடிவமைப்பாளராக, அதாவது திரைகளைப் பயன்படுத்துவோர் தடுமாறாதபடி வரைந்து தருபவராக வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்கிறார்கள். படித்த படிப்பெல்லாம் வீண்தானே என்பது ஒன்று. எந்தப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தால் இந்த வேலை கிடைக்கும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு இல்லை என்பதே என் பதில். இரண்டாவது கேள்வி எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. ஏனென்றால் என் பாதையில் கடினமாக இருந்தது புதியவற்றைக் கற்றது அல்ல, கற்றிருக்கிறேன் என்று அயல்நாட்டில் நம்ப வைத்ததுதான்.

ஊரில் வணிகவியல் இளங்கலையும், வந்து சேர்ந்த நாட்டில் மேலாண்மை முதுகலையும் படித்தேன். எந்தத் துறைக்கும் போகலாம் என்ற நம்பிக்கையில்தான் பலரும் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; நானும் அவர்களில் ஒருவன். முடித்ததும் கிடைத்தது, ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், விற்பனையாளர்கள் அனுப்பும் இன்வாய்ஸ்களைச் சரிபார்த்துப் பணம் செலுத்த ஏற்பாடு செய்யும் வேலை.

அங்கே நாள் முழுவதும் ஒரே திரையின் முன் உட்கார்ந்திருந்தோம். இன்வாய்ஸ் எண், தொகை, வரி, பணம் செலுத்த வேண்டிய கடைசித் தேதி ஆகியவற்றை அதில் உள்ளிட வேண்டும். தேதியை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்ற குறிப்பு, பெட்டிக்குள் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும்; முதல் எண்ணைத் தட்டியவுடன் அதுவும் மறைந்துவிடும். விற்பனையாளர்களில் சிலர் நாளை முன்னால் எழுதுவார்கள், சிலர் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். 05/06 என்று வந்தால் அது ஜூன் 5 ஆகவும் இருக்கலாம், மே 6 ஆகவும் இருக்கலாம். மாதம் இருக்க வேண்டிய இடத்தில் 12-க்கு மேற்பட்ட எண் விழுந்தால் மென்பொருள் தடுத்துவிடும். மற்றபடி தவறான தேதியை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். நாளும் மாதமும் ஒரே எண்ணாக அமையும் 12 நாள்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஓர் ஆண்டில் 132 நாள்களை இப்படி இரண்டு விதமாகப் படிக்க முடியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் 1988-லேயே வகுத்தது. ஆனால் விற்பனையாளர் அந்தத் தரத்தைப் பார்த்தா இன்வாய்ஸ் அச்சடிக்கிறார்?

தேதி மாறினால் பணம் தாமதமாகப் போகும், தாமதக் கட்டணம் வரும், அந்தக் கட்டணம் ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பின்கீழ் பதிவாகும். அங்கே போய்ச் சேர்ந்த செலவு பிறகு யார் கண்ணிலும் படாது. ஊழியர்களின் கவனக்குறைவே காரணம் என்று மேலாளர்கள் முடிவு செய்திருந்தார்கள். அதற்கு அவர்கள் கண்ட மருந்து, இன்னும் கவனமாக இருங்கள் என்று அவ்வப்போது வரும் மின்னஞ்சல். செலவுக் கணக்கியல் படித்தவருக்கு இந்த இடத்தில் வேறொரு கேள்வி எழும்: இந்தச் செலவை உண்டாக்குவது எது? இதர செலவுகளைப் பிரித்து, தேதிப் பிழையால் வந்த கட்டணங்களை மட்டும் தனி நெடுவரிசையில் வைத்துப் பார்த்தேன். ஆட்கள் மாறியபோதும் அந்தச் செலவு மாறவில்லை; புதிதாகச் சேர்ந்தவர் செய்த அதே பிழையை, பல ஆண்டு அனுபவம் உள்ளவரும் செய்திருந்தார். அப்படியானால் கோளாறு ஆளிடம் இல்லை, திரையில் இருக்கிறது. கணக்குப் போடும் விரிதாளின் (ஸ்ப்ரெட்ஷீட்) கட்டங்களை இணைத்தே மாற்றுத் திரை ஒன்றை வரைந்தேன்: நாளுக்கும் மாதத்துக்கும் ஆண்டுக்கும் தனித்தனிப் பெட்டிகள், மாதம் மட்டும் எண்ணாக இல்லாமல் பெயராக. அந்தப் படத்தோடு பிரித்தெடுத்த செலவுக் கணக்கையும் வைத்தேன். மேலாளரை அசைத்தது படம் அல்ல, கணக்குதான். வடிவமைப்பு என்ற துறைக்குள் நான் நுழைந்தது அந்தக் கணக்கின் வழியாகத்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

விரிதாளுக்கே ஏறக்குறைய இப்படியொரு வரலாறு உண்டு. டான் பிரிக்லின் 1978-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் எம்.பி.ஏ. மாணவராக இருந்தபோது, கரும்பலகையில் எழுதிய நிதி அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த மற்ற எண்களையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கவனித்தார். பாப் ஃப்ராங்க்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க், 1979-ல் ஆப்பிள் II கணினிக்கு வெளிவந்தது. வணிகம் படித்தவர் மென்பொருள் செய்த கதையாக இதைச் சொல்பவர்கள், அவர் அதற்கு முன்பே எம்.ஐ.டி.யில் கணினியியல் படித்து, டிஇசி என்ற கணினி நிறுவனத்தில் சொற்செயலி மென்பொருளில் வேலை பார்த்தவர் என்பதை வசதியாக விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பின்னணி கிடையாது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு: கணக்காளர்கள் காலங்காலமாகத் தாளில் பழகியிருந்த கிடைவரிசை, நெடுவரிசை அமைப்பை அவர் மாற்றவில்லை, அதில் இருந்த மறுவேலையை மட்டும் நீக்கினார்.

கற்க வேண்டியவை நிறையவே இருந்தன. இணையப் பக்கத்தின் கட்டமைப்பையும் தோற்றத்தையும் எழுதும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டையும் முதலில் படித்தேன். ஒரு படிவத்தைச் சரிபார்க்கும் அளவுக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன். வடிவமைப்பாளருக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டுமா என்ற வாதம் ஓய்வதே இல்லை. எழுதத் தெரியாவிட்டாலும், தான் வரைந்தது எப்படிக் கட்டப்படும், எங்கே உடையும் என்று தெரியாதவர் பொறியாளருடன் பேசிப் பயனில்லை என்பது என் கட்சி. ஃபிக்மா போன்ற வரைகருவிகள் பழகப் பழகக் கைவந்துவிடும். அதற்காகப் பெரும் தொகை கேட்கும் வகுப்புகள் தேவையே இல்லை. துறையின் சாரம் இலவசமாகவே கிடைக்கிறது. பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1994-ல் செம்மைப்படுத்திய 10 பயன்பாட்டு நெறிகள், இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் இருந்தால் அதை எட்டும் நேரம் கூடும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-ல் நிறுவிய விதி, இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டி ஆகிய மூன்றையும் ஒருவர் ஊன்றிப் படித்தாலே பாதித் தூரம் கடந்தவராவார். சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளி வேறுபாட்டு விகிதம் இருக்க வேண்டும் என்று அந்த வழிகாட்டியின் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ஏஏ நிலை கேட்கிறது. எங்கள் கணக்குத் திரையின் சாம்பல் நிறக் குறிப்பை அளந்து பார்த்தேன், தேறவில்லை. அதுவரை ரசனை சார்ந்த விஷயமாகத் தோன்றியது எண்ணாக மாறியபோது, எண்களோடு வளர்ந்த எனக்குப் பெரும் தெம்பாக இருந்தது.

வணிகப் புள்ளியியல் எதிர்பாராத இடத்தில் கைகொடுத்தது. ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் போதும் என்பது இத்துறையில் எல்லோர் வாயிலும் அடிபடும் வாக்கியம். ஒரு குறைபாடு ஒரு பயனரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று நீல்சனும் சக ஆய்வாளர் லாண்டவரும் கண்ட எண்ணிலிருந்து அது பிறந்தது. ஐந்து பேரிடமும் வெளிப்படாமல் போகும் வாய்ப்பு 0.69-இன் ஐந்தாம் அடுக்கு, ஆகவே ஏறக்குறைய 85 சதவீதக் குறைபாடுகள் அகப்பட்டுவிடும் என்பது வாதம். கூறெடுப்பு (சாம்பிளிங்) பற்றிப் படித்தவருக்கு இதன் எல்லை உடனே புரியும். குறைகளைக் கண்டுபிடிக்க ஐவர் போதும். ஆனால் ஐவரில் நால்வர் முடித்தார்கள் என்பதை வைத்து, பயனர்களில் 80 சதவீதம் பேர் முடிப்பார்கள் என்று அறிக்கை எழுதக் கூடாது. அப்படி எழுதப்பட்ட அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன், வடிவமைப்புக் கல்லூரியில் தேர்ச்சி பெற்றவர்களின் கையெழுத்தோடு.

திறமை வளர்வதும் வேலை கிடைப்பதும் குடிபெயர்ந்தவருக்கு ஒன்றல்ல. பல நாடுகளில் வேலை விசா, படித்த பாடத்துக்கும் செய்யப்போகும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறது. அமெரிக்காவின் எச்-1பி விசாவை எடுத்துக்கொண்டால், வேலைக்கு நேரடித் தொடர்புள்ள பாடத்தில் பட்டமோ அதற்கு ஈடான அனுபவமோ காட்ட வேண்டும். பொதுவான வணிக நிர்வாகப் பட்டம் அங்கே எளிதில் கேள்விக்குள்ளாகும். அங்கே மாணவர் விசாவில் படித்து முடிப்பவருக்கு 12 மாத வேலை அனுமதி உண்டு. அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கு அதற்கு மேல் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. வணிகப் பட்டதாரிகளில் பெரும்பாலோருக்கு அது இல்லை. வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் முழுநேரமாகப் பயிலுங்கள் என்று இணையத்தில் அறிவுரை சொல்பவர்கள், நாட்டில் தங்குவதே வேலையைச் சார்ந்திருக்கும் ஒருவரை மனத்தில் வைத்து அதைச் சொல்வதில்லை. எனவே நான் வெளியே தேடாமல் உள்ளேயே நகர்ந்தேன். கணக்குப் பிரிவிலிருந்து உள் மென்பொருள் குழுவுக்கு வணிகப் பகுப்பாய்வாளராக மாறுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பட்டத்துக்கும் பதவிக்கும் முரண் தெரியாது. தேவைகளை எழுதித் தர வேண்டிய இடத்தில் வயர்ஃப்ரேமும், அதாவது திரையின் எளிய கோட்டு வரைவும் சேர்த்துத் தந்தேன். பதவியின் பெயர் மாறுவதற்கு வெகு முன்பே வேலை மாறிவிட்டது.

அடுத்தது போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளின் மாதிரித் தொகுப்பு. வவுச்சர் என்ற சான்றுச்சீட்டு இல்லாமல் பேரேட்டில் பதிவு இல்லை என்று கணக்கியலின் முதல் பாடத்திலேயே சொல்லித் தருவார்கள். வடிவமைப்புத் துறையில் போர்ட்ஃபோலியோதான் வவுச்சர். உள்ளூர்க் கல்லூரியின் பெயரோ பரிந்துரைக்கும் நண்பர்களோ இல்லாதவருக்கு வேறு ஆதாரம் கிடையாது. ஆனால் நிறுவனத்தின் உள் திரைகளை வெளியே காட்ட இரகசிய ஒப்பந்தம் இடம் கொடாது. ஆகவே அனுமதி கேட்டு, நிறுவனத்தை அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் நீக்கி, கற்பனைத் தரவுகளை இட்டு, அதே சிக்கலைப் புதிதாக வரைந்தேன். பளபளப்பான படங்களைக் குறைத்து, எந்தப் பிழை, யாருக்கு நேர்ந்தது, என்ன செலவு, எதையெல்லாம் முயன்று கைவிட்டேன் என்பதை விரிவாக எழுதினேன். நேர்காணல்களில் கேட்கப்பட்ட கேள்விகள் பெரும்பாலும் கைவிட்டவற்றைப் பற்றியே இருந்தன. சக விண்ணப்பதாரர்கள் என்னைவிட நன்றாக வரைந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு திரையை மாற்றுவதற்கான நிலைச் செலவு எவ்வளவு, எத்தனை பிழைகள் தவிர்க்கப்பட்டால் அது ஈடாகும் என்று வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்ட, வேலை கொடுப்பவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவான பேரே இருந்தார்கள் போலும்.

குடிபெயர்ந்த அனுபவம் வடிவமைப்புக்கு நேரடியாக உதவும் இடம், இப்போது என் மேசையில் உள்ள வேலை: பெயர்ப் பெட்டி. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருப்பவர்கள், இணையப் படிவங்களில் படும் பாடு தெரிந்ததுதான். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராக ஏற, முதற்பெயரின் இடத்தில் ‘எஃப்என்யூ’, அதாவது முதற்பெயர் தெரியாதவர் என்று அச்சாகும். பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம் என்று போகுமிடமெல்லாம் அந்த மூன்று எழுத்துகளே பெயராகிவிடும். இத்தனைக்கும் கடவுச்சீட்டுக்கான பன்னாட்டுத் தரம் இதைவிடத் தாராளமானது. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் (ஐசிஏஓ) 9303 ஆவணத்தின்படி, இயந்திரம் படிக்கும் முதல் வரியின் 44 இடங்களில் 39 பெயருக்கு உரியவை. இரண்டாம் பகுதி இல்லாத பெயரையும் அது ஏற்கிறது. மறுப்பவை இணையப் படிவங்கள்தான். பெயர்கள் உலகெங்கும் எப்படியெல்லாம் அமைகின்றன என்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தனி வழிகாட்டுரையே வெளியிட்டிருந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

நாங்கள் வரைந்த புதிய படிவத்தில் முழுப்பெயருக்கு ஒரே பெட்டிதான். கடவுச்சீட்டோடு ஒப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு பெட்டிகள், அவற்றில் ஒன்றைக் காலியாக விடலாம். திரையை மாற்றியது எளிது. குடும்பப் பெயர் காலியாக இருக்கக் கூடாது என்று தரவுத்தளத்தில் யாரோ என்றோ இட்ட கட்டாயத்தை நீக்குவதற்குத்தான், அந்த நெடுவரிசையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு பிரிவின் சம்மதமும் தேவைப்படுகிறது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவு உடனே ஒப்புக்கொண்டது. பில்லிங் பிரிவினர் மட்டும், குடும்பப் பெயர் இல்லாமல் ரசீதை எப்படி அச்சிடுவது என்று கேட்டிருக்கிறார்கள்; முழுப்பெயரையே அச்சிடலாம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.