வெள்ளி மாலைக்குள் முடிய வேண்டியவை: தஞ்சைப் பக்கம் ஒரு ஷபாத்

ஷபாத் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையிலான யூத ஓய்வுநாள்) அனுசரிக்கும் யூத விருந்தினர் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ உங்கள் வீட்டில் தங்க வருகிறார் என்றால், சனிக்கிழமையன்று நீங்கள் ஓடியாடிச் செய்ய வேண்டியது அநேகமாக ஒன்றும் இருக்காது. எல்லாம் வெள்ளிக்கிழமை பகலிலேயே முடிந்திருக்க வேண்டும். இதை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டால் பாதி வேலை தீர்ந்தது.

முதலில் நேரம். அஸ்தமனத்துக்கு 18 நிமிடம் முன்னால் விளக்கேற்றி ஷபாத்தைத் தொடங்குவது பரவலான வழக்கம். தஞ்சையில் அஸ்தமனம் நவம்பர் கடைசியில் 5.47 வாக்கிலும், ஜூலை தொடக்கத்தில் 6.40 வாக்கிலும் இருக்கும். ஷபாத் முடிவது சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்போது. சூரியன் அடிவானத்துக்கு 8.5 பாகை கீழே இறங்கும் நேரம் என்று பலர் கணக்கிடுகிறார்கள். நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய நெட்டாக இறங்குவதால் அதற்கு 31 முதல் 34 நிமிடம் போதும். லண்டன் கோடையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். சென்னைக்குப் போட்ட அட்டவணையை இங்கே வைத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. கார்த்திகை மாதத்தில் சென்னையில் ஏழெட்டு நிமிடம் முன்னதாகவே இருட்டிவிடும். தொடக்கத்தில் அதனால் கெடுதல் இல்லை. முடிவில்தான் ஷபாத் தீரும் முன்பே வேலை தொடங்கிவிடும்.

யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா ஷபாத்தில் தடுக்கும் வேலைகள் 39. முதல் பதினொன்றும் ரொட்டிக்கான வேலைகள்: விதைத்தல், உழுதல், அறுத்தல், கட்டுக் கட்டுதல், போரடித்தல், தூற்றுதல், பொறுக்குதல், அரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல். டெல்டாவில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. உழவுக்கு முன் விதைப்பு ஏன் வந்தது என்று மிஷ்னாவை விவாதிக்கும் தல்மூதே கேட்கிறது. இஸ்ரவேல் மண்ணில் விதைத்தபின் மறுபடி உழுவார்கள் என்பது பதில். புழுதி விதைப்பில் விதையை மூட நாம் ஓட்டும் உழவும் அதே மாதிரிதான்.

இந்தப் பதினொன்றில் சாப்பாட்டு நேரத்தில் குறுக்கே வருவது பொறுக்குதல். வேண்டாததை நீக்கி வேண்டியதை மிச்சம் வைப்பது தடை. உடனே உண்பதற்காக, வேண்டியதைக் கையால் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அரிசியில் கல் பொறுக்குவது, பருப்பில் சொத்தை எடுப்பது எல்லாம் வெள்ளியன்றே முடிய வேண்டும். இலையில் கிடக்கும் கறிவேப்பிலையைக்கூட அவர் கொஞ்சம் சோற்றோடு சேர்த்து எடுத்து ஒதுக்கக்கூடும். சாப்பாடு பிடிக்கவில்லையோ என்று வருத்தப்பட வேண்டாம். வாழை இலையையும் வெள்ளியன்றே நறுக்கி வைத்துவிடுங்கள். மரத்திலிருந்து சனிக்கிழமை நறுக்கிய இலையை அவர் தொடமாட்டார்.

சமையலுக்கு அவருடைய பாத்திரங்கள்தான். சமையலில் யூதர் ஒருவரின் கை பட்டிருக்க வேண்டும் என்பதால், வெள்ளியன்று அடுப்பையும் அவரே பற்றவைக்கட்டும். அஷ்கெனாசி (ஐரோப்பிய யூதர்) வழக்கத்துக்கு அது போதும். செஃபார்தியர் (ஸ்பெயின் வழிவந்த யூதர்) பாத்திரத்தையும் தாமே அடுப்பில் ஏற்றுவார்கள். தானாகத் தொடரும் காரியங்களுக்குத் தடை இல்லை. வெள்ளி மாலை கரைத்து வைத்த மாவு இரவில் புளிக்கலாம், பிரை ஊற்றிய பால் உறையலாம். மறுநாள் காலை அந்த மாவை இட்லியாக ஊற்றி அவிக்கத்தான் முடியாது.

காபி இல்லாமல் டெல்டாவில் விருந்தோம்பலா? டிகாக்‌ஷனை வெள்ளியன்றே இறக்கிவிடுங்கள். ஃபில்டரில் சனிக்கிழமை வெந்நீர் ஊற்றினால் அது சமைத்தல், வடிகட்டுதல் இரண்டுமாகிவிடும். கொதித்த நீரை ஃபிளாஸ்க்கில் அடைத்து வையுங்கள். காலையில் அவர் அதைத் தம்ளரில் ஊற்றி, அதன்மேல் ஆறிய டிகாக்‌ஷனைச் சேர்த்துக்கொள்வார். இரண்டு பாத்திரம் மாறிய நீரை மூன்றாம் பாத்திரம் என்று வைத்து, சமைக்கும் வலு அதற்கு இல்லை என்று கொள்வார்கள். ஆறிப்போன திரவத்தை மறுபடி அடுப்பில் சுடவைப்பது கூடாது.

விளக்குக்கு மெழுகுவத்தி தேடி அலைய வேண்டாம். ஆலிவ் எண்ணெய் சிறப்பு என்றாலும் நல்லெண்ணெயை மிஷ்னாவே ஏற்கிறது. பெரிய அகலாகப் பாருங்கள். ஏற்றியபின் எண்ணெய் ஊற்றவும் திரியைத் தூண்டவும் கூடாது, அகலை நகர்த்தவும் கூடாது. மின்விசிறிக் காற்று படாத இடத்தில், சாப்பாடு முடியும்வரை எரியும் அளவு எண்ணெயோடு ஏற்றட்டும்.

கழிப்பறை விளக்கை எரியவிட்டு, ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டுங்கள். ஃபிரிட்ஜ் உள்விளக்கைக் கழற்றிவிடுங்கள். கீஸரை அணைத்து வையுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் உள்ளே குளிர்ந்த நீர் புகுந்து சூடேறும், அது சமைத்தல். மின்சாரம் போய்த் தானாக வந்தால் கவலை இல்லை.

“லைட்டைப் போடட்டுமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். ஆமாம் என்று சொல்ல அவரால் முடியாது. அவருக்காக நீங்கள் போட்ட விளக்கின் பலனையும் அவர் அனுபவிக்கக் கூடாது. உங்கள் தேவைக்கு நீங்கள் போட்டால் அந்த வெளிச்சத்தில் அவர் தாராளமாக உட்காரலாம். ஐப்பசி மழையில் குடை நீட்டவும் வேண்டாம். குடை விரிப்பது கூடாரம் போடுவதோடு சேரும். நனைந்த துணியைப் பிழியவும் மாட்டார். மதிலுக்கு வெளியே சாவி, கைக்குட்டைகூட எடுத்துப் போகமாட்டார், அதனால் வீட்டில் யாராவது இருங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் இது எல்லாமே விலகிவிடும். விஷக்கடி, வெறிநாய்க்கடிக்கு ஷபாத்தை மீறச் சொல்லி யோசேப் கரோவின் சட்டநூலான ஷுல்கான் அரூக் வெளிப்படையாகவே சொல்கிறது. வயலோரம் பாம்பு கடித்தால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். அவரும் அழைப்பார், வண்டியிலும் ஏறுவார். அப்போது அதுதான் சட்டம்.

விருந்தினர் யூத நோன்பு நாளில் வந்தால் கணக்கு வேறு. நோன்புகளில் இரண்டு முழுநாள்: யோம் கிப்பூர் (பாவநிவர்த்தி நாள்), திஷா பெஅவ் (துக்க நாள்). அஸ்தமனம் முதல் மறுநாள் நட்சத்திரம் வரை தண்ணீரும் இல்லை. ஏகாதசிபோலப் பால் பழம் கொடுக்க நினைக்காதீர்கள். யோம் கிப்பூர் திஷ்ரே என்ற யூத மாதத்தின் வளர்பிறை பத்தாம் நாள். 2024, 2025 இரண்டிலும் விஜயதசமியன்றே வந்தது. அதிக மாதக் கணக்கு வேறுபடுவதால் சில ஆண்டு ஒரு மாதம் முன்னால் வந்துவிடும். அது சனிக்கிழமையில் விழுந்தாலும் தள்ளிப்போகாது; திஷா பெஅவ் ஞாயிறுக்குத் தள்ளும். மற்ற நான்கு பொது நோன்பும் விடியல் முதல் இருட்டும் வரைதான். சூரியோதயத்துக்கு 72 நிமிடம் முன் என்று கணக்கிட்டால் ஜூலையில் தஞ்சைக்கு 4.43 வாக்கில் தொடங்கும். அதற்குமுன் எழுந்து சாப்பிட வேண்டுமானால், படுக்கும்போதே அந்த எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

நோன்பன்று தலைவலி வர, காபி நின்றுபோவதும் ஒரு காரணமாகலாம். நான்கைந்து நாள் முன்பிருந்தே அரை அரைத் தம்ளராகக் குறைத்தால் வலி குறையலாம். முந்தின வேளையில் ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம், உப்பு தாகத்தைக் கூட்டும். நோயாளிகளுக்குச் சலுகை உண்டு. மருத்துவரும் ரப்பியும் (யூத மதகுரு) சொன்னால், யோம் கிப்பூரில் ஒரு தடவைக்கு 30 மில்லிக்கும் குறைவான உணவாக, ஒன்பது நிமிட இடைவெளி விட்டு உண்ணலாம்.

திஷா பெஅவ் ஆடியில் வரும் துக்க நாள்; எருசலேம் ஆலயம் இடிந்ததற்கான நாள். தோல் செருப்பு கூடாது, ரப்பர் செருப்பு எடுத்து வையுங்கள். உச்சிவேளை வரை தாழ உட்காருவார், ஒரு மணைப்பலகை போதும். குளியல் இல்லை, அதனால் வெந்நீர் வேண்டுமா என்று கேட்க வேண்டாம். நோன்பு முடிந்த இரவும் மறுநாள் உச்சிவரையும் இறைச்சி, திராட்சை மது இரண்டையும் பலர் தொடுவதில்லை. தயிர் சாதம் கொடுப்பதானால், எந்தப் பாலை அவர் ஏற்பார் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.