சிலம்பம் கற்பிக்கச் சான்று வாங்கப் போன கதை

குடியாத்தத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக மாலை நேரங்களில் சிலம்பம் கற்றுக்கொடுத்து வருகிறேன். லுங்கி நெசவுக்கும் பீடி சுற்றவும் தீப்பெட்டி வேலைக்கும் போகும் பெற்றோர், தாங்கள் வீடு திரும்பும் வரையில் பிள்ளைகள் ஒருவர் கண்பார்வையில் இருக்கட்டும் என்றே பெரும்பாலும் என்னிடம் விடுகிறார்கள். இந்தக் கல்வியாண்டில் ஒரு பள்ளி தன் வளாகத்திலேயே வகுப்பெடுக்க அழைத்தது. ஆனால் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றும், குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்கான சான்றும் கொடுத்த பிறகே மைதானத்தில் இறங்கலாம் என்றார்கள். இத்தனை ஆண்டுகள் சேர்த்த பெயரை ஒரு தாளில் நிரூபிக்கச் சொல்கிறார்களே என்று மனம் சற்றுப் புண்பட்டது உண்மை. குழந்தைகளோடு தொடர்ந்து புழங்கும் நிறுவனங்கள் தம் பணியாளர்கள் எல்லோரையும் காவல்துறை வழியாகச் சரிபார்க்க வேண்டும், அவர்களுக்கு அவ்வப்போது பயிற்சியும் அளிக்க வேண்டும் என்று பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வந்த 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்வது அப்போது எனக்குத் தெரியாது.

சரிபார்ப்புக்கு இணையவழியே விண்ணப்பித்தேன். விசாரிக்க வந்த காவலர் அக்கம்பக்கத்தில் இரண்டு வீடுகளில் கேட்டுவிட்டுப் போக, தெருவே என் அம்மாவிடம் துக்கம் விசாரித்தது. அவருக்கு விளக்கிச் சொல்வதுதான் பெரும்பாடு. மூன்றாவது வாரத்தில் சான்று வந்துவிட்டது.

பயிற்சி சத்துவாச்சாரியில் ஒரு கூடத்தில், கத்திரி வெயில் முடிந்தும் வேலூருக்கு வெயில் முடியாத ஒரு சனிக்கிழமை நடந்தது. வேன் ஓட்டுநர்கள், ஆயாக்கள், விடுதிக் காப்பாளர்கள், நடன ஆசிரியைகள் என நாற்பது பேர் இருந்தோம். சட்டப் பிரிவுகளை வரிசையாக வாசிப்பார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த எங்களுக்கு, பயிற்சி நடத்திய அம்மையார் எடுத்த எடுப்பிலேயே ஒரு நடிப்புப் பயிற்சி கொடுத்தார். அவர் பத்து வயதுச் சிறுவன்; நான் அவனுடைய ஆசிரியர். "மாஸ்டர், அந்த அண்ணன் இருக்கிற வேன்ல நான் போக மாட்டேன்" என்றார். நான் உடனே, யார் அந்த அண்ணன், எப்போது, என்ன செய்தான், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அடுக்கிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதே, நான் பார்த்துக்கிறேன்" என்று முடித்தேன். நான் பேசியதையெல்லாம் அவர் கரும்பலகையில் எழுதினார். கடைசி வாக்கியத்துக்காகப் பாராட்டு கிடைக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அதைத்தான் வட்டமிட்டார். குழந்தையைத் துன்புறுத்தியவனும் பெரும்பாலும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பான் என்று அவர் விளக்கியபோது கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்டது.

துருவிக் கேட்கக் கூடாது என்பதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. நாம் கேட்கும் கேள்வியிலேயே விடை ஒளிந்திருந்தால், குழந்தை நம் சொற்களைத் தன் சொற்களாக எடுத்துக்கொள்ளும்; பிறகு முறையான வாக்குமூலத்தின்போது அதுவே அந்தக் குழந்தைக்கு எதிராகத் திரும்பும். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் காவலர், சீருடை அணியாமல் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே ஏற்பாடு செய்திருக்கும்போது, நாம் மைதானத்து வேப்பமரத்தடியில் தனியாக ஒரு விசாரணை நடத்த வேண்டியதில்லை. சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை, உதவி செய்யக்கூடியவர்களிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டு, குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே தேதி, நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும்.

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்துவிடுமா என்று ஓர் ஆயா கேட்டார். தீராது. குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிலோ தகவல் தர வேண்டிய கடமை போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி ஒவ்வொருவருக்கும் உண்டு. தகவல் தராவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனத் தலைவரே மறைத்தால் ஓராண்டு வரை சிறை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். எனக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டுநருக்கு வேறு கவலை: "நான் சொல்லி, அது அப்படி இல்லேன்னு ஆயிட்டா என் பொழப்பு?" நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ வராது என்று அதே பிரிவு சொல்வதை அம்மையார் இரண்டு முறை வாசித்துக் காட்டினார். ஓட்டுநர் அதைத் தன் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், நன்றாகக் கம்பு சுற்றுபவன், திடீரென்று வேனில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தான். சோம்பேறி என்று எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்து நானே ஏற்றிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து அவன் வகுப்புக்கு வரவில்லை. காரணம் வெறும் அலுப்பாகவும் இருக்கலாம். நான்தான் கேட்கவே இல்லையே.

சிலம்பத்தில் காலடி திருத்தும்போது தொடாமல் முடியாது என்று மாலையில் நான் வாதாடினேன். முதலில் செய்து காட்டுங்கள், தொட்டே ஆக வேண்டுமானால் அனுமதி கேட்டு எல்லோரும் பார்க்கத் தொடுங்கள் என்றார் அவர். நடத்தை விதிகளில் கையெழுத்திட்டுச் சான்றோடு திரும்பினேன். புதிய பள்ளியில் முதல் வாரம், நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் முழங்காலைத் திருத்தட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மாஸ்டர், நானே பண்றேன்" என்று காலை நகர்த்தினாள். இன்னும் அரை அடி தள்ளித்தான் இருந்தது. எதிரே நின்று மறுபடியும் செய்து காட்டினேன்.